வேலைக்கு மட்டுமான வண்டி

பேக்கர், மொன்டானா
நவம்பர் 6, 1995

அன்புள்ள டெல்மர்,

இதைத் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ பேச்சை நிறுத்திவிடுவாய். நான் இந்தப் பக்கம் உன் மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கடிதம் என்றால் ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நார்மனை அடக்கம் செய்து பதினாறு நாள் ஆகிறது. உன் பூ வந்தது. உன் அட்டையும் வந்தது. அச்சடித்த வரிகளுக்குக் கீழே உன் பெயர் மட்டும் இருந்தது.

அன்றைக்குத் தேவாலயத்தில் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். "அந்தச் சக்கர நாற்காலியை வச்சுக்கிட்டுத் தொண்ணூறு மைல் எப்படி வருவான்? யாராவது கூட்டிட்டு வந்தாத்தானே?" என்று உனக்காக நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது திருமதி சோரம் பன்றிக்கறி வைத்த பன்னைக் கையில் பிடித்தபடி வந்தாள். அவள் மகள் ஹெட்டிங்கரில் உன் குடியிருப்புக்கு எதிரில் இருக்கிறாளாம். "உங்க தம்பிக்குத்தான் வேன் இருக்கே ஆர்டிஸ். நாற்காலியோட தூக்கி உள்ள வைக்கிற மேடையெல்லாம் வச்ச, கையாலேயே ஓட்டுற நீல வேன். காலையில மக வீட்ல இருந்து நான் கிளம்பும்போதுகூட வாசல்லதான் நின்னுச்சு," என்றாள்.

"ரிப்பேரா இருக்கும்," என்றேன். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், கணவரைப் புதைத்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஒரு பொய் சொன்னேன்.

வேன் வாங்கியதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. தையல் எந்திரம் பழுதுபார்க்கப் படிக்கிறேன் என்று ஜூலையில் எழுதினாய், அவ்வளவுதான். உனக்கும் எனக்கும் நடுவே இருப்பது ஒரே சாலை, திருப்பம்கூட அதிகம் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஏன் வரவில்லை?

உன் அக்கா,
ஆர்டிஸ்


ஹெட்டிங்கர், வடக்கு டகோட்டா
நவம்பர் 14, 1995

அன்புள்ள அக்கா,

வேன் ஓடுகிற நிலையில்தான் இருந்தது. திருமதி சோரம் சொன்னது சரி.

ஆனால் அது என் வேன் இல்லை. அப்படிச் சொன்னால் உனக்குப் புரியாது, கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

எனக்கு இரண்டு உதவித்தொகைக்கு வழி உண்டு. ஒன்று, கீழே விழுவதற்கு முன் நான் வேலை செய்து கட்டிய வரிக்காக வருவது. மற்றது ஒன்றுமே இல்லாதவனுக்குக் கொடுப்பது. இந்த இரண்டாவதை வாங்குகிறவன் கையில் இரண்டாயிரம் டாலருக்கு மேல் இருக்கக் கூடாது, வேறு வரும்படியும் அதிகம் இருக்கக் கூடாது. ஆக, எங்களைப் போன்றவர்கள் சேமித்தால் குற்றம். இதற்கு ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். நான் இன்ன தொழில் செய்யப்போகிறேன், அதற்கு இன்னின்ன வேண்டும், இத்தனை மாதத்தில் உங்கள் பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வருவேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதை ஒப்புக்கொண்டால் முதல் தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கலாம். அது என்னிடம் இல்லாத பணம் போலவே நடத்துவார்கள். வயிற்றுக்கு இரண்டாவது தொகை வரும். 'சொந்தக் காலில் நிற்கும் திட்டம்' என்று அதற்குப் பெயர். என் காலைப் பார்த்த பிறகும் பெயரை மாற்ற அவர்களுக்குத் தோன்றவில்லை.

அம்மா நிலவறையில் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கி வைத்திருப்பாளே, அதில் சிலவற்றில் 'தேவாலயத்துக்கு' என்று காகிதம் ஒட்டியிருக்கும். வீட்டில் வேறு தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்றாலும் அதைத் திறக்க மாட்டோம். அந்த ஒதுக்கிய பணத்தில் வாங்கிய இந்த வேனும் அப்படி ஒரு ஜாடி. ஒப்புதல் கடிதத்தில் 'வாகனம், தொழில் குறிக்கோளுக்காக' என்று எழுதியிருக்கிறது. எங்கே போனேன், யாருடைய எந்திரம், எத்தனை மைல் என்று நோட்டில் எழுதி வைக்கிறேன்.

அம்மாவின் வங்கிக் கணக்கில் என் பெயரும் இருந்ததற்காக மூன்று வருஷத்துக்கு முன் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அந்தப் பணத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதற்கு ஐந்து மாத உதவித்தொகையைத் திருப்பிக் கொடு என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து அந்த ஆபீசின் பழுப்பு உறை வந்தாலே பிரிக்கப் பயந்து இரண்டு நாள் மேஜையில் போட்டு வைக்கிறேன்.

அடக்கத்துக்குப் போனேன் என்று நோட்டில் எப்படி எழுதுவது? அந்தப் பயம்தான் அக்கா. மன்னித்துவிடு.

டெல்மர்


பேக்கர்
நவம்பர் 27, 1995

டெல்மர்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். திட்டம் புரிந்தது. ஜாடியும் புரிந்தது. ஆனால் நம்பிக்கை வரவில்லை.

ஒரு மனுஷன் அக்காள் புருஷனின் அடக்கத்துக்குப் போனதற்காக எந்த அரசாங்கமும் வேனைப் பிடுங்கிக்கொண்டு போகாது. போனாலும், உனக்கு அது அவ்வளவு பெரிதா?

உண்மையான காரணம் எது என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். எண்பத்தாறு மார்ச்சில் நம் தானியக் குதிரின் மேல் உன்னை ஏறச் சொன்னது நார்மன். ஏணிப் படியெல்லாம் பனி உறைந்திருந்தது. "மேல ஏறி மூடியைச் சாத்திட்டு வாடா," என்றார். நீ ஏறினாய். பிறகு நடந்ததை நாம் மூன்று பேரும் ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசியதில்லை. அந்தத் தகரக் குதிர் அடுத்த வருஷமே போய்விட்டது. பிரித்துக் கிடைத்த விலைக்கு விற்றார். இந்த வருஷம் அவர் படுத்துக்கொள்ளும்வரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க ஹெட்டிங்கர் வருவோமே, திரும்பும்போது பாதி வழியில் இருக்கிற பொமன் ஊரைத் தாண்டும்வரை அவர் வாயே திறக்க மாட்டார்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே போனதும் என்னைக் கேட்டார்: "டெல்மர் வருவானா?"

"வருவான்," என்றேன். "பனி கொட்டுறதுக்குள்ள வந்துடுவான்."

ஆக, நான் சொன்ன பொய் ஒன்றல்ல, இரண்டு. நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். அவர்மேல் உனக்குக் கோபமா?

ஆர்டிஸ்


ஹெட்டிங்கர்
டிசம்பர் 8, 1995

அன்புள்ள அக்கா,

இல்லை. அத்தான்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏணியில் பனி உறைவதற்கு அவர் என்ன செய்வார்? இதை இத்துடன் விட்டுவிடுவோம்.

வேலை பரவாயில்லை. நேற்று இங்கே பக்கத்தில் நியூ இங்லண்ட் என்கிற சின்ன ஊருக்குப் போனேன். தொண்ணூறு வயசைத் தொடும் ஒரு அம்மாள், அவள் எந்திரம் ஒரு வருஷமாக நூலை அறுத்துக்கொண்டே இருந்ததாம். அடிநூல் சுற்றிய பாபின் இருக்கிற பெட்டிக்குள் குடைந்து பார்த்தால் பூனை மயிர் ஒரு பந்தளவு. எடுத்துக் காட்டினேன். "இது எங்க டிக்கியோடதாச்சே, அவன் செத்து நாலு வருஷமாகுதே," என்றாள். பிறகு அதை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். கூலி வாங்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனாலும் வாங்கினேன், நோட்டில் எழுத வேண்டுமே.

பாதி நாள் வேனின் பின்பக்கத்தில்தான் கழிகிறது. பெஞ்சு என் நாற்காலிக்குச் சரியான உயரம். ஹீட்டர் ஓடும். ஊர்க்காரர்கள் எந்திரத்தைக் கொண்டுவந்து கதவருகில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். சில நாள் "எண்ணெய் போட்டிருக்கேன்", "நன்றி" என்பது மட்டும்தான் நாள் முழுக்க நான் பேசியது.

எனக்கு ஒரு யோசனை. உங்கள் தேவாலயத்தில் பெண்கள் போர்வை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்களே, கீழ்த்தளத்தில் எட்டு எந்திரமாவது இருக்கும். அவற்றைப் பார்த்துக் கொடுக்கும்படி அவர்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், அது தொழில் பயணம் ஆகிவிடும். வேலையை முடித்துவிட்டு மத்தியானம் உன் வீட்டுக்கு வரலாம். அத்தானின் கல்லறைக்கும் போகலாம். யாரும் கேள்வி கேட்க முடியாது. என்ன சொல்கிறாய்?

டெல்மர்


பேக்கர்
ஜனவரி 3, 1996

டெல்மர்,

கிறிஸ்துமஸுக்குக் கார்லாவும் மாப்பிள்ளையும் டூசானிலிருந்து விமானத்தில் வந்து நான்கு நாள் இருந்தார்கள். அதனால்தான் தாமதம்.

உன் யோசனையைப் போர்வை தைக்கிறவர்களிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. லவோன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி, உன் தம்பி உன்னைப் பார்க்க வரணும்னா நாங்க மிஷினை உடைக்கணுமா?"

"உடைக்கவெல்லாம் வேண்டாம். பெர்னிஸை உட்கார வச்சுத் தைக்கச் சொன்னாப் போதும். தானா உடையும்," என்றாள் இன்னொருத்தி.

"உங்க வீட்டுத் திரைச்சீலையைத் தைச்சுக் கொடுத்தேனே, அந்த வாய்க்கு ஒரு தையல் போட மறந்துட்டேன்," என்றாள் பெர்னிஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அப்புறம் கோப்பைகளைக் கழுவச் சமையலறைக்குப் போனவள் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

பல் டாக்டரிடம் நாள் குறிப்பது போல, தம்பியிடம் நாள் குறித்து வாங்கச் சொல்கிறாய். பழுதான எந்திரத்துக்காக வருவாய், போகிற வழியில் அக்காவையும் எட்டிப் பார்ப்பாய். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாய், அதுதான் இன்னும் வலிக்கிறது. அவர்களை நான் எழுதச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

இன்னொரு செய்தி. வீட்டையும் நிலத்தையும் விற்றாகிவிட்டது. மார்ச் முப்பதாம் தேதி டூசானுக்குப் போகிறேன், மகள் வீட்டோடு இருக்க. இந்த வீட்டில் காலையில் காப்பிப் பாத்திரம் கொதிக்கிற சத்தத்துக்குப் பிறகு ராத்திரி வரை வேறு சத்தமே கிடையாது. வானொலியை அடுத்த அறையில் போட்டு வைக்கிறேன், யாரோ இருப்பது போல.

மார்ச் முப்பது வரை இங்கேதான் இருப்பேன். தம்பியாக வருவதென்றால் வா. இல்லாவிட்டால் வேண்டாம்.

ஆர்டிஸ்


ஹெட்டிங்கர்
ஜனவரி 22, 1996

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்த மறுநாள் திருமதி க்வாமுக்குத் தொலைபேசி செய்தேன். திட்டத்தை எழுத எனக்கு உதவியவர், ஆபீசில் எனக்காகப் பேசுகிறவரும் அவர்தான். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"வேனை எடுத்துக்கிட்டு எங்க அக்காவைப் பார்க்கப் போகலாமா?" என்று கேட்டேன்.

"போங்களேன். இதுல என்ன இருக்கு?"

"தொழிலுக்காகன்னு எழுதியிருக்கே மேடம்."

"டெல்மர், தொழிலுக்கு அந்த வேன் வேணும்ங்கிறதுக்காகத்தான் ஒப்புதல் கொடுத்திருக்காங்க. அதுல ஏறி வேற எங்கயும் போகக் கூடாதுன்னு எந்த வரியில இருக்கு? பெட்ரோலை மட்டும் உங்க கைக்காசுல போடுங்க. திட்டப் பணத்துல போடாதீங்க. அவ்வளவுதான்."

"அப்படின்னா ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தாலும்…"

அவர் குறுக்கிட்டு, "யாரோட அடக்கம்?" என்று கேட்டார். சொன்னேன். "ஐயோ, அன்னைக்கே என்னைக் கூப்பிட்டிருக்கலாமேப்பா. ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே," என்றார்.

அவருடைய நம்பர் என் தொலைபேசிக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுகிறேன். ஊசி டப்பா வாங்கலாமா, எண்ணெய்ப் புட்டியின் ரசீது கிழிந்துவிட்டது என்ன செய்ய, என்று அற்ப விஷயத்துக்கெல்லாம் கேட்பேன். அத்தான் இறந்த செய்தி வந்தது புதன்கிழமை காலை. அடக்கம் சனிக்கிழமை. நடுவில் இரண்டு வேலை நாள் இருந்தன. வியாழக்கிழமை அவரிடம் பேசவும் செய்தேன், ஒரு தையல் எந்திர பெல்ட்டின் விலையைப் பற்றி. இதை மட்டும் கேட்கவில்லை.

தொலைபேசியை வைத்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. கேட்டிருந்தால் போகலாம் என்று சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை அக்கா.

மழை நாளில் சில பேர் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டு, மழை என்பார்கள். மழை பெய்தது உண்மைதான், பொய் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டில் இருந்தது மழைக்காக அல்ல. எனக்கு அந்த வேன் விதிமுறை அப்படித்தான். நான் பயந்தது உண்மை. பழுப்பு உறைக்கு நான் எப்போதும் பயப்படுகிறவன். ஆனால் அந்த மூன்று நாளும் அந்தப் பயம் எனக்கு வசதியாக இருந்தது.

டிசம்பரில் கோபம் இல்லை என்று எழுதினேன். இருக்கிறது. பனிக்கு அவர் என்ன செய்வார் என்று எழுதினேன். வெயில் ஏறும்வரை இரண்டு மணி நேரம் பொறுத்திருக்கலாம், அதைச் செய்திருக்கலாம். மாதம் ஒரு ஞாயிறு என் எதிரில் உட்கார்ந்து, கோதுமை விலையையும் மழையையும் பற்றி மட்டுமே பேசிவிட்டுப் போனார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நான் உன்னை ஏறச் சொல்லியிருக்கக் கூடாதுடா," என்று சொல்லியிருந்தால் போதும். ஒவ்வொரு ஞாயிறும் அதற்காகக் காத்திருந்தேன். அவர் இறந்துவிட்டார் என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, இனி சொல்லவே மாட்டார் என்பதுதான். பெட்டிக்குள் இருக்கிற முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

இதை உனக்குச் சொல்வது கொடுமை என்று தெரியும். நேராகச் சொல் என்று கேட்டாய்.

டெல்மர்


ஹெட்டிங்கர்
பிப்ரவரி 26, 1996

அன்புள்ள அக்கா,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. தபால்காரர் வண்டி நிற்கிற சத்தம் கேட்டு இரண்டு தடவை வெளியே போய்ப் பார்த்தேன். நாற்காலிச் சக்கரம் பனியில் சிக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

உன்னை அவசரப்படுத்த எழுதவில்லை. திட்டத்தைப் பரிசீலித்துவிட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். இப்படியே போனால் தொண்ணூற்றெட்டில் உதவித்தொகை எதுவும் இல்லாமல் என்னால் வாழ முடியும். இதைச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று யோசித்தேன். திருமதி க்வாமுக்கு ஏற்கெனவே தெரியும்.

நீ எழுதாவிட்டாலும் உன் டூசான் முகவரியை மட்டும் கார்லாவிடம் சொல்லி அனுப்பச் சொல்.

டெல்மர்


பேக்கர்
மார்ச் 11, 1996

அன்புத் தம்பி,

உன் ஜனவரிக் கடிதத்தை ரொட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். தினமும் ரொட்டி எடுக்கும்போது அதைத் தள்ளி வைத்துவிட்டு எடுப்பேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை என்று தெரிந்துகொள்ள இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

நீ விழுந்த அன்றைக்குக் காலை பலகாரம் சாப்பிடும்போது நான் நார்மனிடம் சொன்னேன்: "ஏணியெல்லாம் ஐஸா இருக்கு. வெயில் வரட்டும், அப்புறம் அவனை ஏத்துங்க."

"அவன் அணில் மாதிரி ஏறிடுவான். நீ காப்பியை ஊத்து," என்றார்.

காப்பியை ஊற்றினேன். நீ அப்போது மாட்டுக்கொட்டகையில் இருந்தாய், இது உனக்குத் தெரியாது. பத்து வருஷத்தில் அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையிலும் காப்பி ஊற்றும்போது எங்கள் இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வந்தது. அவர் கோப்பையைப் பார்ப்பார், நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

அவர் நல்ல மனுஷர்தான் டெல்மர். அதுதான் தொல்லை. அடக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நல்லவர், எவ்வளவு நல்லவர் என்றார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு விதவை அன்றைக்கு வேறென்ன சொல்ல முடியும்? அந்தக் கூட்டத்தில் உன்னைத் தேடிக்கொண்டே இருந்தேன். பிரியத்தினால் தேடினேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அதுவும் உண்டு. ஆனால் அந்தக் கூடத்தில் அவர்மேல் கோபமாக இருக்கிற இன்னொரு ஆள் எனக்கு வேண்டியிருந்தது. ஒருத்தர் இருந்தால்கூடப் போதும் என்றிருந்தது. நீ வரவில்லை, நான் தனியாக நின்றேன்.

போன வாரம் கொட்டகையை ஒழித்தோம். பின்சுவரோரம், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சாய்வுப் பலகை இருந்தது. இரண்டு பக்கமும் கட்டை வைத்து, நடுவில் வழுக்காமல் இருக்க மணல் கலந்து பெயின்ட் அடித்தது. நம் வாசல் மூன்று படிக்குச் சரியாகப் பொருந்துகிறது. விளிம்பில் பென்சிலால் 1987 என்று போட்டிருக்கிறது. உனக்காகச் செய்திருக்கிறார். செய்துவிட்டு, உன்னைக் கூப்பிட வாய் வராமல் மூடி வைத்திருக்கிறார். நீயும் விழுந்ததற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரவேயில்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

அதைப் பார்த்ததும் என் கோபம் கரைந்துவிட்டது என்று எழுதினால் அது மூன்றாவது பொய் ஆகும். கோபம் கூடத்தான் செய்தது. அந்தத் தார்ப்பாயை ஓங்கி ஓர் உதை உதைத்தேன். பக்கத்து வீட்டு ஆள் ஆச்சரியமாகப் பார்த்தார். ஒரு பலகையை அறுத்து, இழைத்து, பெயின்ட் அடிக்கத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு வாக்கியம் சொல்லத் தெரியவில்லையே.

இதையெல்லாம் கார்லாவிடம் பேச முடியாது, அவளுக்கு அவர் அப்பா. லவோனிடமும் முடியாது. உன்னிடம்தான் முடியும்.

பலகையை வாசலில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை வரை பனி இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். அன்றைக்குக் காலையிலேயே வா. கல்லறைக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று வந்த பிறகு முடிவு செய்யலாம், எனக்கே தெரியவில்லை. முதலில் உட்கார்ந்து, அவரைப் பற்றி நல்லதல்லாததையெல்லாம் சத்தமாகப் பேசிவிடுவோம். நல்லதைப் பேச ஊரே இருக்கிறது.

சாமானெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. சமையலறையில் ஒரு மேஜையும் ஒரே ஒரு நாற்காலியும்தான் மிச்சம். உனக்கு வேண்டியதை நீ கொண்டு வருவாய், அது போதும்.

உன் அக்கா,
ஆர்டிஸ்